பாலில் ஆரம்பித்த எண்ணெய் வைத்தியம்

தெர்மல் பேப்பரில் டி லாவல் டர்பைன் படம் போட்டு மார்க் வாங்கியிருப்போம். அந்த மனுஷன் யார் என்று கேட்டால் முழிப்போம்!

குஸ்டாஃப் டி லாவல் 1845-இல் ஸ்வீடனில் பிறந்தவர். 1872-இல் உப்சாலாவில் டாக்டர் பட்டம் வாங்கியும் மனசெல்லாம் மெஷினில்தான். 1878-இல் பாலிலிருந்து க்ரீமைப் பிரிக்கும் செப்பரேட்டர் செய்தார். கிண்ணம் வேகமாகச் சுழலும்போது கனமான பால் ஓரத்துக்கு ஓடும், லேசான க்ரீம் நடுவில் நிற்கும். அவ்வளவுதான் சங்கதி! டர்பைன் பக்கம் அவர் போனதே இந்தக் கிண்ணத்தைச் சுழற்றத்தான். 1889-இல் ஒரு ஜெர்மன்காரரின் கூம்புத் தட்டு பேட்டன்ட்டை அவர் கம்பெனி வாங்கியது. தட்டுகளை உள்ளே அடுக்கியதும் வேலை பல மடங்கானது.

பாலுக்குப் பதில் அழுக்கான லூப் ஆயிலை விடுங்கள். தண்ணீரும் இரும்புத் தூளும் ஓரத்துக்கு, சுத்தமான எண்ணெய் நடுவுக்கு. டாங்கில் நாள்கணக்கில் படியவேண்டியது நிமிஷத்தில் பிரிகிறது. எண்ணெயில் கரைந்தே போன தண்ணீர் மட்டும் இதற்கு மசியாது. தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கை என்ன பாடு படுத்தும் என்று ஷாப்பில் நின்றவனுக்குத் தெரியும்.

கப்பல் இன்ஜின் ரூம்களில் இன்றும் ஓடுவது இந்த வகைதான். சம்பாதித்ததை எல்லாம் அடுத்தடுத்த சோதனைகளில் கொட்டிய லாவல், 1913-இல் ஸ்டாக்ஹோமில் இறந்தபோது கையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.