பறவை மனிதர் சாலிம் அலி: ஹலாலா என்று கேட்ட சிறுவன் கண்ட பாதை

பஜ்ர் தொழுதுவிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்து வருகிறோம். கூட வரும் பிள்ளை தண்ணீருக்குள் மூழ்கி, சற்றுத் தள்ளிப்போய் எழும் ஒரு சிறு பறவையைக் காட்டி, அதன் பெயர் என்ன அத்தா என்று கேட்கிறது. அது முக்குளிப்பான் என்று நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? ஏதோ வாத்து என்று சொல்லி நடையைக் கட்டுவோம். பிள்ளையின் கேள்வி அந்தக் கரையிலேயே நின்றுவிடும்.

நூறு ஆண்டுகளுக்கும் முன்பு, மும்பையில் ஒரு முஸ்லிம் சிறுவன் ஒரு பறவையைப் பற்றிக் கேள்வி கேட்டான். வீட்டுப் பெரியவருக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் அவர் அதோடு விட்டுவிடவில்லை. அதனால்தான் இந்தியாவுக்கு டாக்டர் சாலிம் அலி என்ற பறவையியல் அறிஞர் கிடைத்தார்.

சாலிம் அலி 1896 நவம்பர் 12 அன்று மும்பையில், சுலைமானி போரா சமூகத்தைச் சேர்ந்த பெரிய குடும்பம் ஒன்றில் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தை மொயிசுத்தீனையும், மூன்று வயதில் தாயார் ஸீனத்துன்னிஸாவையும் இழந்து யத்தீம் ஆனார். பிள்ளையில்லாத தாய்மாமா அமீருத்தீன் தயாப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் அவரையும் அவருடைய சகோதர சகோதரிகளையும் தங்கள் பிள்ளைகளாக வளர்த்தார்கள். விடுதலைப் போராட்ட வீரர் அப்பாஸ் தயாப்ஜியும் அவருக்கு மாமா முறைதான்.

மாமா வேட்டைப் பிரியர். மருமகனுக்கும் ஒரு சிறிய ஏர்கன் வாங்கிக் கொடுத்திருந்தார். சுமார் பத்து வயதில் சாலிம் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினார். எடுத்துப் பார்த்தால், அது வழக்கமாகப் பார்க்கும் குருவி இல்லை. தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. இதை உண்பது ஆகுமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. குருவியோடு மாமாவிடம் ஓடினார்.

மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் உறுப்பினர். 1883இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதி, சிறுவனை அங்கே அனுப்பி வைத்தார்.

ஆங்கிலேய அதிகாரிகளைக் கண்டு இந்தியர்கள் ஒதுங்கி நின்ற காலம் அது. சிறுவன் தயங்கித்தான் உள்ளே போனார். மில்லார்டு அந்தக் குருவியை வாங்கிப் பார்த்து, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் சொன்னார். அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். பறவைகளைப் பாடம் செய்வது எப்படி என்பதையும் சாலிம் பின்னர் அங்கேயே கற்றுக்கொண்டார். அன்று திறந்த கதவு அதன் பிறகு மூடவே இல்லை.

ஆனால் அவருடைய பாதை எளிதாக இருக்கவில்லை. கல்லூரிப் படிப்பில், அதிலும் கணக்கில், மனம் ஓடவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு, குடும்பத்தின் டங்ஸ்டன் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் பார்த்துக்கொள்ளப் பர்மாவின் தவாய் பகுதிக்குச் சென்றார். தொழிலைவிட அங்கிருந்த காடும் பறவைகளுமே அவரை இழுத்தன. ஊர் திரும்பி வணிகமும் விலங்கியலும் படித்தார். 1918இல் தஹ்மினாவைத் திருமணம் செய்தார். பல்கலைக்கழகப் பட்டம் மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அந்தப் பட்டம் இல்லாததால்தான் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் வேலையும் கைவிட்டுப் போனது.

1926இல் மும்பை அருங்காட்சியகத்தில், வருகிறவர்களுக்கு இயற்கை வரலாற்றை விளக்கும் வேலை கிடைத்தது. முறையாகக் கற்க வேண்டும் என்ற வேட்கையில் விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லின் சென்று, பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரெஸ்மேனிடம் பயின்றார். 1930இல் திரும்பி வந்தபோது வேலை இல்லை. நிதி நெருக்கடியால் அந்தப் பதவியையே நீக்கியிருந்தார்கள்.

வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கையில் பட்டமும் இல்லை, வருமானமும் இல்லை. நம் வீடுகளில் இப்படி ஒருவர் இருந்தால் என்ன சொல்வோம்? குருவி பார்த்தது போதும், ஒரு கடையிலாவது உட்கார் என்போம். தஹ்மினா அப்படிச் சொல்லவில்லை. இருவரும் மும்பைக்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குப் போய், மனைவியின் குடும்பத்துக்குச் சொந்தமான சிறு வீட்டில் தங்கினார்கள்.

வீட்டருகே இருந்த மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. சாலிம் அலி அந்த மழைக்காலம் முழுவதும் அவற்றைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். நம் மாவட்டத்திலும் கிணற்றோர மரங்களில் இந்தக் கூடுகள் தொங்குகின்றன. சில கூடுகள் பாதியிலேயே நிற்கும். அதற்கான காரணத்தை அவருடைய குறிப்புகள் விளக்கின. ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் குருவிகள் வந்து கூட்டைச் சோதித்துப் பார்க்கும். ஒன்று ஏற்றுக்கொண்டால்தான் ஆண் குருவி மீதியைக் கட்டி முடிக்கும். முடித்ததும் அடுத்த கூட்டைத் தொடங்கி, இன்னொரு துணையைத் தேடும். பெண் குருவி ஏற்காத கூடு பாதியிலேயே கிடக்கும். வேலை போன காலத்தில் செய்த இந்த ஆய்வுதான் அவருக்கு உலக அறிஞர்களிடையே பெயர் வாங்கித் தந்தது.

அடுத்து அவர் சமஸ்தானங்களுக்கு ஒரு யோசனை சொன்னார். பயணச் செலவையும் முகாம் செலவையும் மட்டும் கொடுத்தால் போதும், சம்பளம் வாங்காமல் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருவதாகச் சொன்னார். ஹைதராபாத்தும், பிறகு திருவிதாங்கூரும் கொச்சியும் அதை ஏற்றன. காட்டு முகாம்களில் தஹ்மினாவும் உடனிருந்தார். 1939இல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் வஃபாத்தானார். சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி கம்முவும் மைத்துனர் ஹசன் அலியும் அவரைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

1941இல் அவருடைய இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. பறவைகளைப் பற்றிய அறிவு அதுவரை பெரும்பாலும் அதிகாரிகளிடமும் அறிஞர்களிடமுமே இருந்தது. படமும் எளிய விளக்கமும் கொண்ட இந்த நூலால் அது சாதாரண வாசகர் கைக்கும் வந்தது. பின்னர் அமெரிக்கப் பறவையியலாளர் டில்லன் ரிப்ளேயுடன் சேர்ந்து இந்தியத் துணைக்கண்டப் பறவைகளைப் பற்றி 10 தொகுதிகள் எழுதினார். 1968இல் தொடங்கிய அந்த வெளியீடு 1974இல் நிறைவுற்றபோது அவருக்கு வயது 77.

அவரும் துப்பாக்கி பிடித்தவர்தான். ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரிப்பது அன்றைய வழக்கம். அதே மனிதர்தான் பிற்காலத்தில் பறவைகளின் வாழிடங்களைக் காக்கப் போராடினார். ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயம், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு இரண்டுக்காகவும் குரல் கொடுத்தார். நம் தமிழகத்தின் கோடியக்கரையும் அவரால் பயன் பெற்றது. வலசைப் பறவைகள் குவியும் அந்தக் கடற்கரையின் சிறப்பை அவர் எடுத்துச் சொன்னார். 1967இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

பட்டம் இல்லை என்று வேலை மறுக்கப்பட்டவருக்குப் பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தன. 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி ஆகியவை வந்தன. 1987இல், 90ஆம் வயதில் அவர் மறைந்தார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990இல் தொடங்கிய பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்த வாழ்க்கையில் நம் குடும்பங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. அமீருத்தீன் தயாப்ஜி பறவையியல் அறிஞர் அல்ல. எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் போவோம் என்பதுதான் அவர் செய்த பெரிய உதவி. இன்று தருமபுரியில் உள்ள ஓர் அத்தாவுக்கோ மாமாவுக்கோ அந்த உதவி இன்னும் எளிது. தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணம் இல்லை. ஏரிக்கரையிலோ வயலோரத்திலோ, ஏன், வீட்டு மாடியிலோ கூட 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இபேர்டு இணையதளத்தில் பதிந்தால் போதும். சாலிம் அலியின் பிறந்த நாளான நவம்பர் 12 தேசியப் பறவைகள் தினமாக நினைவுகூரப்படுகிறது. அதையொட்டியும் பல ஊர்களில் பறவை நோக்கு நடைகள் நடக்கின்றன.

பார்க்க நம் மாவட்டத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒகேனக்கல் காவிரிக்கரை இருக்கிறது, சித்தேரி, வத்தல்மலை மலைகள் இருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதியோடுதான் போக வேண்டும். ஏரிக்கரைக்கு அதுவும் தேவையில்லை. பளிச்சென்ற நிறத்தில் உடுத்தாமல், சத்தம் போடாமல், கூடுகளை நெருங்காமல் நின்றால் போதும்.

குர்ஆனில் சுலைமான் நபியின் வரலாற்றில் வரும் ஹுத்ஹுத் பறவையை நம் பிள்ளைகள் மதரஸாவில் கேட்டிருப்பார்கள். தலையில் விசிறிக் கொண்டையும் நீண்ட அலகுமாக நம் வயல்களில் மண்ணைக் கொத்தித் திரியும் கொண்டலாத்திதான் அது. இந்த விடுமுறையில் அதைக் காட்டுவதிலிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.