ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும்போது ஏன் பதற்றம்? பரேல் டாக்டர் வக்கீலின் கதையில் ஒரு பதில்

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும்போது சிலர், குறிப்பாகச் சின்னக் குழந்தைகள், கை காலை உதறி அழுவார்கள். டிரிப்ஸைப் பிடுங்கப் பார்ப்பார்கள். இதைத் தணிக்க அனஸ்தீசியா டாக்டர்கள் தரும் மருந்துகளில் ஒன்று டெக்ஸ்மெடிடோமிடின். ஆளை அமைதியாக்கும், ஆனா தட்டினால் விழித்துக்கொள்வார்கள். கூடவே பிரஷரையும் குறைக்கும்.

அமைதியும் பிரஷரும் ஏன் சேர்ந்தே இறங்குது? இதைப் புரிஞ்சுக்க, தாதருக்குப் பக்கத்தில் பரேலில் இருக்கும் கே.இ.எம். மருத்துவமனையின் பழைய கதை ஒன்று உதவும்.

யார் இந்த வக்கீல்?

ரஸ்தம் ஜால் வக்கீல் 1911-ல் பிறந்த பார்சி. பெயரில்தான் வக்கீல், தொழில் இதய மருத்துவம். லண்டனில் படித்துவிட்டு பம்பாய் திரும்பி கே.இ.எம்.மில் பணியாற்றினார்.

சர்ப்பகந்தா வேரை நம்ம ஊர் வைத்தியர்கள் தூக்கமின்மைக்கும் மனநோய்க்கும் கொடுத்து வந்தார்கள். அது பிரஷரைக் குறைப்பதை 1931-லேயே கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். வெளிநாடுகளில் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. வக்கீல் 50 நோயாளிகளிடம் அதைச் சோதித்து, 1949-ல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் வெளியிட்டார். அதன்பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன விஞ்ஞானிகள் அந்த வேரிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தனர். பிரஷருக்கும் மனநோய்க்கும் அது மருந்தானது.

1957-ல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது. அந்த ஆண்டு அதைப் பெற்ற இன்னொருவர், ஆபரேஷன் நோயாளிகளின் பதற்றத்தைத் தணிக்க வழி தேடிய பிரெஞ்சு சர்ஜன் ஆன்ரி லபோரி.

தொடர்பு என்ன?

நாரட்ரினலின். நம்மை உஷாராக வைப்பதும் ரத்தக்குழாய்களை இறுக்குவதும் இதுதான். ரெசர்பைன் இதன் கையிருப்பையே காலி செய்யும். டெக்ஸ்மெடிடோமிடின் இது சுரப்பதைக் குறைக்கும். வழி வேறு, விளைவு ஒன்று: மனசும் அடங்கும், பிரஷரும் இறங்கும்.

ஆபத்து எங்கே?

ரெசர்பைன் சாப்பிட்டவர்களுக்கு ஆபரேஷன் மேஜையில் பிரஷர் சரிந்ததாக 1950-களில் டாக்டர்கள் எச்சரித்தார்கள். மனச்சோர்வுப் புகார்களும் வந்தன. புது மருந்துகள் வந்ததும் அதன் பயன்பாடு குறைந்தது. டெக்ஸ்மெடிடோமிடினிலும் இதயத்துடிப்பு குறையலாம், கண் விழிக்கத் தாமதமாகலாம். அதனால்தான் பதற்றத்தைப் பார்த்ததும் ஊசி போட்டுவிடுவதில்லை. வலியா, ஆக்சிஜன் குறைவா, சிறுநீர் முட்டுதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வக்கீல் 1974-ல் காலமானார். டெக்ஸ்மெடிடோமிடினுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 1999-ல்.

உங்க வீட்டில் யாருக்காவது ஆபரேஷனா? பிரஷர் மாத்திரையோ நாட்டு மருந்தோ, எது எடுத்தாலும் அனஸ்தீசியா டாக்டரிடம் முன்னாடியே சொல்லிடுங்க. வேர்தானே என்று விட்டுவிட வேண்டாம்.