பாரிஸைக் காப்பாற்றியவரா கோல்டிட்ஸ்?

ஐஃபல் கோபுரம், நோட்ரடாம் தேவாலயம், லூவர் அரும்பொருளகம். பாரிஸ் என்றதும் நினைவுக்கு வரும் இவையெல்லாம் 1944 ஆகஸ்டு மாதத்தில் தரைமட்டமாகியிருக்கக்கூடும். பாரிஸ் எதிரிகளின் கைக்குப் போவதானால் அது வெறும் இடிபாடாகவே போக வேண்டும் என்பது ஹிட்லரின் கட்டளை. அதைப் பெற்றவர் டீட்ரிச் ஃபோன் கோல்டிட்ஸ் என்ற ஜெர்மானியத் தளபதி. அவர் அதை நிறைவேற்றவில்லை.

1894ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி, ராணுவப் பாரம்பரியம் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர் கோல்டிட்ஸ். மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிவதே வீரனின் முதல் கடமை என்று கற்று வளர்ந்தார். 1914இல் காலாட்படையில் சேர்ந்த அவர், முதல் உலகப் போரில் மேற்குப் போர்முனையில் போரிட்டார். போரில் தோற்ற ஜெர்மனி, ஒரு லட்சம் பேருக்கு மேல் ராணுவத்தில் வைத்திருக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தப்பட்டது. அந்தச் சிறிய படையிலும் கோல்டிட்ஸுக்கு இடம் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரில் அவர் வேகமாக உயர்ந்தார். 1940 மே மாதம், விமானங்களில் வந்திறங்கிய வீரர்களுடன் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரப் பாலங்களுக்காகப் போரிட்டார். சரணடைவது பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசின. நகரின் மையப்பகுதி எரிந்து, ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தனர். 1942இல் கருங்கடலோர செவஸ்டபோல் நகரை ஜெர்மானியப் படை பிடித்தபோது, முன்னின்ற காலாட்படைப் பிரிவுகளில் ஒன்றுக்கு அவர் தலைமை தாங்கினார். அந்த நகரமும் சிதைந்துபோனது.

நேச நாட்டுப் படைகள் நார்மண்டியிலிருந்து முன்னேறியபோது, 1944 ஆகஸ்டில் கோல்டிட்ஸ் பாரிஸின் ராணுவத் தளபதியாக அனுப்பப்பட்டார். ஆகஸ்டு 19ஆம் தேதி நகர மக்கள் கிளர்ந்தெழுந்தனர். தெருச் சண்டையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். சுவீடன் நாட்டுத் தூதரக அதிகாரி ராவுல் நோர்ட்லிங்கின் முயற்சியால் தற்காலிகச் சண்டை நிறுத்தத்துக்குக் கோல்டிட்ஸ் இணங்கினார். பாலங்களையும் கட்டடங்களையும் தகர்க்குமாறு கட்டளைகள் தொடர்ந்து வந்தன. ஆனால் 25ஆம் தேதி அவர் பிரெஞ்சுப் படையிடம் சரணடைந்தபோது நகரம் முழுமையாக நின்றது.

பாரிஸின் அழகை நேசித்ததாலும் ஹிட்லர் மனநிலை பிறழ்ந்துவிட்டார் என்று உணர்ந்ததாலும் கட்டளையை மீறியதாகப் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதினார். வரலாற்றாசிரியர்கள் பலர் இதை முழுமையாக ஏற்கவில்லை. பெரிய நகரம் ஒன்றை அழிக்கப் போதிய ஆள்பலமோ விமானங்களோ நேரமோ அவரிடம் இல்லை என்று அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

இன்னொரு சான்றும் உண்டு. கோல்டிட்ஸ் லண்டன் அருகே டிரென்ட் பார்க் மாளிகையில் சிறைவைக்கப்பட்டார். அங்கிருந்த ஜெர்மானியத் தளபதிகளின் பேச்சைப் பிரிட்டிஷார் மறைவான ஒலிவாங்கிகள் மூலம் பதிவு செய்தனர். தாம் பெற்ற கட்டளைகளிலேயே மிகக் கொடியது யூதர்களைக் கொன்றொழிப்பது என்றும், அதைத் தாம் முழுமையாக நிறைவேற்றியதாகவும் கோல்டிட்ஸ் சக கைதியிடம் கூறியது அதில் பதிவாகியுள்ளது. பல ஆண்டுகள் கழித்தே அந்தப் பதிவுகள் வெளியுலகுக்குத் தெரிந்தன.

1947இல் விடுதலையான அவர் மீது போர்க்குற்ற வழக்கு எதுவும் நடக்கவில்லை. பாரிஸைக் காத்தவர் என்ற புகழுடன் 1966 நவம்பரில் காலமானார்.

ஒரு கட்டளைக்குப் பணிய மறுத்தவர், அதைவிடக் கொடிய கட்டளைக்குப் பணிந்திருக்கிறார். பாரிஸ் தப்பியதற்காக மகிழலாம். ஆனால் ஒருவரின் வாழ்க்கையை எடைபோடும்போது, புகழ் தேடித்தந்த ஒரு வாரத்தை மட்டும் தராசில் வைத்தால் போதாது.