பூட்டுத் தொழிலாளியின் மகன் ஜார்ஜ் சைமன் ஓம்

பள்ளியில் விஞ்ஞானம் படித்த எவரும் மறக்காத பெயர் ஓம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும் என்பதை நாம் மனப்பாடம் செய்தோம். நம் பிள்ளைகள் செய்தார்கள். இப்போது பேரன் பேத்திகள் செய்கிறார்கள். பெயரைக் கேட்டவுடன் பிரணவம் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. ஆனால் இது ஒரு ஜெர்மானியக் குடும்பப் பெயர், அவ்வளவுதான். ஒரே வரியில் அடங்கிவிடும் இந்த விதியைக் கண்டவர் அதற்காகவே கையிலிருந்த வேலையை விட்டு, பதினான்கு வருடங்கள் அங்கீகாரத்துக்குக் காத்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய வாழ்க்கையை நம் உறுப்பினர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இன்றைய ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் உள்ள எர்லாங்கன் என்ற ஊரில் 1789ஆம் வருடம் மார்ச் 16ஆம் தேதி ஜார்ஜ் சைமன் ஓம் பிறந்தார். தகப்பனார் யோஹான் உல்ஃப்காங் ஓம் பூட்டு செய்யும் தொழிலாளி. தாயார் ஒரு தையற்காரரின் மகள். பிறந்த ஏழு குழந்தைகளில் பிழைத்தவர்கள் மூன்று பேர். ஓமுக்குப் பத்து வயது நடந்தபோது தாயாரும் காலமானார்.

அந்தத் தகப்பனார் சாதாரண மனிதர் அல்ல. கல்லூரிப் படியை மிதிக்காதவர். ஆனால் தாமாகவே புத்தகம் வாங்கிப் படித்து, கணிதம், இயற்பியல், வேதியியல், தத்துவம் ஆகியவற்றைக் கற்றுக்கொண்டவர். பகலெல்லாம் பட்டறையில் இரும்பு அராவிவிட்டு, தம் இரு மகன்களுக்கும் கணிதம் சொல்லிக்கொடுத்தார். பையனுக்குப் பதினைந்து வயதானபோது எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் அவனை நெடுநேரம் சோதித்துப் பார்த்து, பெர்னூலி குடும்பத்துச் சகோதரர்களைப் போல் இந்த வீட்டிலிருந்தும் இருவர் வருவார்கள் என்று கணித்தார். அது வீண்போகவில்லை. தம்பி மார்ட்டின் ஓம் பின்னாளில் பெர்லினில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

1805இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஓமுக்கு அங்கே படிப்பைவிட நடனமும் பில்லியர்ட்ஸும் பனிச்சறுக்கும் பிடித்துப்போயின. தமக்குக் கிடைக்காத வாய்ப்பை மகன் வீணாக்குகிறானே என்று தகப்பனாருக்குக் கோபம் வந்தது. மூன்று பருவங்களோடு படிப்பை நிறுத்தி அவரை ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு பள்ளியில் கணித ஆசிரியர் வேலை. பதினெட்டு வயது நிறைவதற்கு முன்பே சம்பாதிக்கத் தொடங்கியாயிற்று. பிறகு சில காலம் தனிப்பாடம் எடுத்துப் பிழைத்தார். ஆசிரியரின்றித் தாமே படிக்கும்படி லாங்ஸ்டார்ஃப் சொன்ன யோசனையை ஏற்று, ஆய்லர், லாப்லாஸ் போன்ற கணித மேதைகளின் நூல்களை முறையாகக் கற்றார். 1811இல் எர்லாங்கனுக்குத் திரும்பி அதே வருடம் டாக்டர் பட்டம் பெற்றார். தண்டனையாக வந்த பிரிவு படிப்பாக முடிந்தது.

பட்டம் இருந்தாலும் பதவி இல்லை. பல்கலைக்கழகத்தில் கிடைத்த வருமானம் வயிற்றுக்குப் போதவில்லை. 1813இல் பாம்பெர்க் நகரில் தரம் குறைந்த ஒரு பள்ளியில் ஆசிரியரானார். 1816இல் அந்தப் பள்ளியே மூடப்பட்டது. வடிவியல் பாடத்தைக் கற்பிக்கும் முறைபற்றித் தாம் எழுதிய நூலைப் பிரஷ்ய அரசருக்கு அனுப்பிவைத்தார். அதன் பலனாக 1817இல் கொலோன் நகரிலிருந்த பெயர்பெற்ற பள்ளியில் வேலை கிடைத்தது. பிற்காலத்தில் பெரும் கணித அறிஞராக விளங்கிய டிரிஷ்லே அங்கே ஓமிடம் படித்தவர். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பள்ளியில் நல்லதோர் ஆய்வுக்கூடம் இருந்தது.

இங்கே சற்று நின்று அன்றைய நிலையைப் பார்க்க வேண்டும். 1800இல் வோல்டா மின்கலத்தைக் கண்டுபிடித்தார். 1820இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பிக்கு அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். கம்பியில் ஏதோ ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. எவ்வளவு ஓடுகிறது, எது அதைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. அம்மீட்டரோ வோல்ட்மீட்டரோ கிடையாது. ஆம்பியர், வோல்ட் என்ற அலகுகளும் கிடையாது.

ஓம் தம் சோதனையை எளிய கேள்வியோடு தொடங்கினார். கம்பியின் நீளம் கூடினால் மின்னோட்டத்தின் வலிமை எந்தக் கணக்கில் குறைகிறது? 1825இல் வெளியிட்ட முதல் கட்டுரையில் அவர் தந்த சூத்திரம் தவறானது. தவறுக்குக் காரணம் அவரது கணக்கு அல்ல, மின்கலம். அந்தக் காலத்து மின்கலத்தை இணைத்த சில நிமிடங்களிலேயே அதன் வலிமை சரியத் தொடங்கும். அளவுகோலே சுருங்கிக்கொண்டிருந்தால் துணியை எப்படி அளப்பது?

கட்டுரைகளை வெளியிட்டுவந்த இதழின் ஆசிரியர் போகென்டார்ஃப் நல்ல யோசனை ஒன்று சொன்னார். 1821இல் ஸீபெக் கண்டறிந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தலாமே என்றார். இரு வேறு உலோகங்களை இரண்டு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறு முனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் பிறக்கும். ஓம் பிஸ்மத் சட்டம் ஒன்றைத் தாமிரத்தோடு இணைத்தார். ஒரு சந்திப்பு கொதிக்கும் நீரில், மற்றொன்று பனிக்கட்டியில். நீர் கொதிக்கும் வெப்பநிலையும் பனி உருகும் வெப்பநிலையும் மாறாதவை. ஆகவே மின்னோட்டத்தைத் தள்ளும் விசையும் மாறாது. மின்னோட்டத்தை அளக்க ஒரு காந்த ஊசியை மெல்லிய உலோக இழையில் தொங்கவிட்டார். ஊசி விலகினால், அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர இழையை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதே அளவு. இந்தக் கருவிகளைத் தம் கையாலேயே நுட்பமாகச் செய்தார். தகப்பனாரின் பட்டறையில் பழகிய கை அல்லவா!

ஒரே தடிப்புள்ள எட்டுத் தாமிரக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். மிகச் சிறியது 2 அங்குலம், மிக நீளமானது 130 அங்குலம். ஒவ்வொன்றாக இணைத்து, நாள் விட்டு நாள் திரும்பத் திரும்ப அளந்தார். இம்முறை விடை தெளிவாக வந்தது. மின்கலத்தின் தள்ளும் திறனை, சுற்றில் உள்ள மொத்தத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கிறது. தம் பழைய சூத்திரத்தைக் கைவிட்டுச் சரியானதை 1826இல் வெளியிட்டார். தவறை ஒருவர் எடுத்துக்காட்டும்வரை காத்திருக்காமல் தாமே திருத்திக்கொண்டதை நாம் கவனிக்க வேண்டும்.

விதியின் பொருள் நம் வீட்டு மாடித் தொட்டியிலேயே இருக்கிறது. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் குழாயில் தண்ணீர் வரும். குழாய் நீளமாகவும் குறுகலாகவும் இருந்தால் வரத்து குறையும். உயர வித்தியாசம்தான் மின்னழுத்தம். தண்ணீர் வரத்துதான் மின்னோட்டம். குழாயின் இடைஞ்சல்தான் மின்தடை. 230 வோல்ட்டில் இயங்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியில் ஏறக்குறைய 4.3 ஆம்பியர் ஓடுகிறது என்றால், அதன் தடை சுமார் 53 ஓம். இந்த விதி எல்லா இடத்திலும் பொருந்தும் என்று எண்ணிவிடவும் கூடாது. வெப்பநிலை மாறினால் தடையும் மாறும். பழைய குண்டு பல்பின் இழைக்குக் குளிர்ந்திருக்கும்போது இருக்கும் தடை, எரியும்போது பல மடங்காகிவிடும்.

சோதனையோடு நிற்காமல் அதற்கு ஒரு தத்துவ அடிப்படையும் தர விரும்பினார் ஓம். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் பாய்வதைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822இல் கணிதமாக எழுதியிருந்தார். அதே வழியில் கம்பியில் மின்சாரம் பாய்வதை ஓம் விளக்கினார். இதற்காகக் கொலோன் பள்ளியில் ஒரு வருட விடுப்புக் கேட்டார். பாதிச் சம்பளத்தில் கிடைத்தது. அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் பாதிச் சம்பள விடுப்பு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பெர்லினில் தம்பியின் ஊரில் தங்கி, 1827இல் மின்சுற்றைக் கணித முறையில் ஆராயும் நூலை வெளியிட்டார். அதன்மூலம் ஒரு பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

கிடைத்ததோ அலட்சியமும் கண்டனமும். அன்றைய ஜெர்மனியில் இயற்கையைத் தத்துவத்தால் அறிய வேண்டும், அளவுகளையும் சமன்பாடுகளையும் கொண்டு அல்ல என்று கருதிய ஒரு கூட்டம் செல்வாக்குடன் இருந்தது. சோதனை செய்வோரில் பலருக்கோ அவரது கணிதம் கடினமாக இருந்தது. பெர்லினில் வந்த மதிப்புரை ஒன்று நூலைக் கடுமையாகத் தாக்கியது. மனம் நொந்த ஓம் 1828இல் கொலோன் பதவியை ராஜினாமா செய்தார். வயது முப்பத்தொன்பது. அடுத்த சில வருடங்கள் பெர்லினில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணிதம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. 1833இல் நியூரம்பெர்க் தொழிற்கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைத்தது; அவர் ஆசைப்பட்ட பல்கலைக்கழகம் அதுவல்ல.

ஆனால் உண்மை மெல்ல நடந்தாலும் நின்றுவிடுவதில்லை. லைப்ஸிக்கில் ஃபெக்னரும் ரஷ்யாவில் லென்ஸும் தம் சோதனைகளில் விதியைச் சரிபார்த்தார்கள். பிரான்ஸில் பூயே தனியாகவே இதே முடிவுக்கு வந்தார். லண்டன் ராயல் சொஸைட்டி 1841இல் தன் மிக உயர்ந்த விருதான காப்லி பதக்கத்தை ஓமுக்கு வழங்கி, மறு வருடம் வெளிநாட்டு உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது. தந்திக் கம்பிகள் நாடெங்கும் நீளத் தொடங்கிய காலம் அது. எவ்வளவு நீளக் கம்பிக்கு எத்தனை மின்கலம் தேவை என்று கணக்கிட ஓமின் விதி இல்லாமல் முடியாது. 1843இல் வீட்ஸ்டன் இந்த விதியைக் கொண்டு தடைகளை அளக்கும் முறைகளை விளக்கினார்; நாம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஜாக்கியைத் தேய்த்துத் தேய்த்து அளந்த மீட்டர் பிரிட்ஜ் அந்த வழியில் வந்ததுதான். நிலை மின்சாரத்தில் பேசப்படும் மின்னழுத்தமும் ஓம் குறிப்பிட்ட தள்ளும் திறனும் ஒன்றே என்பதை 1849இல் கிர்ச்சாஃப் காட்டியபோது விதியின் அஸ்திவாரம் உறுதியாயிற்று.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. ஓம் பிறப்பதற்கு முன்பே, 1781இல், இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் ஏறக்குறைய இதே உண்மையைக் கண்டிருந்தார். அளவுகருவி இல்லாததால் தம் உடம்பில் ஏற்படும் அதிர்ச்சியையே அளவாகக் கொண்டார். கூச்ச சுபாவம் உள்ள அந்தச் செல்வந்தர் அதை வெளியிடவில்லை. மாக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தது 1879இல். பெட்டிக்குள் இருந்த உண்மை யாருக்கும் பயன்படவில்லை. ஏச்சுக் கேட்டாலும் வெளியே சொன்னவர் பெயரில்தான் விதி நிற்கிறது.

ஓம் ஆசைப்பட்டது கடைசியில் கிடைத்தது. 1849இல் ம்யூனிக் சென்று, 1852இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அப்போது வயது அறுபத்துமூன்று. நம் கணக்கில் ஓய்வுபெற்று உட்காரும் வயது. கிடைத்தது இரண்டே வருடம். அதிலும் மாணவர்களுக்காக ஓர் இயற்பியல் பாடநூல் எழுதினார். 1854 ஜூலை 6ஆம் தேதி காலமானார்.

1881இல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு ஓம் என்ற பெயரை ஏற்றது. நான் படித்த அறுபதுகளில், மின்கடத்தலின் அலகு ஆங்கில எழுத்தில் ஓம் என்பதைத் திருப்பிப் போட்ட 'மோ'. 1971இல் அதற்கு ஸீமன்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். இன்று ஓம் அலகைத் துல்லியமாக நிர்ணயிக்க, 1980இல் ஃபான் கிளிட்ஸிங் என்ற ஜெர்மானியர் கண்ட குவாண்டம் ஹால் விளைவு பயன்படுகிறது. கம்பியும் காந்த ஊசியும் கொண்டு தொடங்கிய அளவு அணுவின் இயல்புவரை போயிருக்கிறது.

ஓமின் வாழ்க்கையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் அந்தத் தகப்பனார்தான். அவர் மகனுக்குக் கொடுத்த சொத்து இரண்டு: தாமே படிக்கும் பழக்கம், கருவியைத் தாமே செய்யும் கை. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த எட்டுக் கம்பிகள் உண்மையைச் சொல்லியிருக்காது. எந்த ஊரில் இருந்தாலும் நம் வீட்டுக் குழந்தைகள் சூத்திரத்தை ஒப்பித்தால் சந்தோஷப்படுவோம். கூடவே ஒரு பாட்டரி, இரண்டு வேறு நீளக் கம்பிகள், ஒரு சின்ன டார்ச் பல்பு வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காரலாம். நமக்குத்தான் நேரம் இருக்கிறதே.