நாதியற்ற நாய்களுக்கு வீடு தந்த மேரி டீல்பி

நாய் படாத பாடு பட்டேன் என்று நாம் சொல்வது உண்டு. ஆனால், நாய் படும் பாட்டைக் கண்டு கண்ணீர் விட்டவர்கள் எத்தனை பேர்? கண்ணீரோடு நின்றுவிடாமல், அதற்கு ஒரு வழி செய்தவர்கள் எத்தனை பேர்?

அப்படி வழி செய்த ஒரு பெண்மணி லண்டன் மாநகரில் வாழ்ந்தார். அவர் ராணி அல்ல. பெரிய சீமாட்டியும் அல்ல. கணவரைப் பிரிந்து, தந்தையுடனும் சகோதரருடனும் வாழ்ந்து வந்த சாதாரணப் பெண்மணி. வயதோ அறுபதை நெருங்கிவிட்டது. அந்த வயதில், ஊரே சிரிக்க, ஒரு காரியத்தைத் தொடங்கினார்.

அவர்தான் மேரி டீல்பி. அவர் தொடங்கிய அந்தக் காரியம் 160 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

இளமைப் பருவம்

இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்று ஓர் ஊர். அங்கே 1801-ம் ஆண்டில் மேரி பிறந்தார். தந்தையின் பெயர் எட்வர்டு பேட்ஸ். மருந்துக் கடை வைத்திருந்தவர்.

1829-ல் மேரிக்குக் கல்யாணம் நடந்தது. கணவர் ராபர்ட் டீல்பி, ஹல் என்ற துறைமுக நகரத்து மர வியாபாரி. குழந்தைகள் இல்லை. இல்வாழ்க்கை இனிக்கவில்லை. இருவரும் பிரிந்தார்கள்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கணவரைப் பிரிந்து வாழ்வது எளிதல்ல. கல்யாணமான பெண்ணுக்குச் சட்டப்படி தனிச் சொத்துரிமை கிடையாது. அவள் கொண்டு வந்த பொருள் கணவனுக்கே சொந்தம். அவள் சம்பாதித்தாலும் அது கணவனுக்கே. அந்தச் சட்டம் 1870-லும் 1882-லும்தான் படிப்படியாக மாறியது.

மேரி லண்டனுக்கு வந்தார். நகரின் வடக்கே ஹாலோவே என்ற பகுதியில் வசித்தார். உடன் இருந்தவர்கள் வயதான தந்தையும், பாதிரியாரான சகோதரரும். சகோதரரின் பெயரும் எட்வர்டு பேட்ஸ்தான்.

வாழ்க்கை இப்படியே அமைதியாகக் கழிந்திருக்கும். ஆனால், ஒரு நாய் குறுக்கே வந்தது!

சமையலறையில் ஒரு நாய்

மேரிக்கு ஒரு தோழி. மேஜர் அம்மையார் என்பது அவர் பெயர். அவர் ஒரு நாள் தெருவில் ஒரு நாயைக் கண்டார். எலும்பும் தோலுமாக, நிற்கக்கூடத் தெம்பில்லாமல் அது கிடந்தது. அவர் மனம் பொறுக்கவில்லை. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறையில் கிடத்தினார்.

மேரி அதைப் பார்த்தார். தோழிகள் இருவரும் அதற்குப் பணிவிடை செய்தார்கள். ஆனால், பல நாள் பட்டினி கிடந்த உயிரை ஒரு வேளைச் சோற்றால் மீட்க முடியுமா? நாய் செத்துப் போயிற்று.

மற்றவர்களாக இருந்தால், ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு மறந்திருப்பார்கள். மேரியால் மறக்க முடியவில்லை. இந்த நாய் ஒன்றுதானா? இன்னும் எத்தனை நாய்கள் தெருவில் இப்படிச் செத்துக்கொண்டிருக்கின்றன? அவற்றுக்கு ஒரு பிடி சோறும் ஒதுங்க ஓர் இடமும் கொடுத்தால் என்ன? இப்படி அவர் மனம் கேட்டது.

வீட்டின் பின்கட்டில், பாத்திரம் துலக்கும் அறையில், தெருநாய்களைக் கொண்டு வந்து வைத்துக் காப்பாற்றத் தொடங்கினார். ஒன்று இரண்டாயிற்று. இரண்டு பலவாயிற்று. வீடு கொள்ளவில்லை.

லண்டன் தெருக்கள்

அன்றைய லண்டனில் ஏறக்குறைய 28 லட்சம் மக்கள் வாழ்ந்தார்கள். தெருவெங்கும் குதிரை வண்டிகள், புகை, சேறு. அந்தக் கூட்டத்தில் வழி தவறிய நாய் வீடு திரும்புவது அரிது.

வழி தவறிய நாய்கள் மட்டும் அல்ல, வேண்டுமென்றே விரட்டப்பட்ட நாய்களும் உண்டு. குட்டியாக இருந்தபோது மடியில் வைத்துக் கொஞ்சிய சிறு நாய்க்கு வயதாகும். கண் மங்கும். தோலில் சொறி வரும். அதோடு எஜமானரின் அன்பும் தீர்ந்துவிடும். கதவு மூடிக்கொள்ளும்.

அரசாங்க வரியும் ஒரு காரணம். அப்போது இங்கிலாந்தில் நாய் வளர்ப்பதற்கு ஆண்டுக்கு 12 ஷில்லிங் வரி கட்ட வேண்டும். ஏழைக்கு அது பெரிய தொகை.

இன்னொரு செய்தி கேளுங்கள். முன்பு ரொட்டிக்காரர்களும் கசாப்புக்காரர்களும் சிறு வண்டிகளில் நாயைப் பூட்டி இழுக்க வைத்தார்கள். இது கொடுமை என்று 1839-ல் லண்டனில் தடை வந்தது. 1854-ல் நாடு முழுவதும் தடை வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால், வேலை போன நாய்க்கு யார் சோறு போடுவார்கள்? நன்மை செய்ய வந்த சட்டமே பல நாய்களைத் தெருவில் விட்டது!

வெறிநாய்க்கடி பற்றிய பயம் வேறு. அதற்குத் தடுப்பூசி 1885-ல்தான் வந்தது. லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்தார். அதற்கு முன், தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டுத் தள்ளாடி வரும் நாயைக் கண்டாலே மக்கள் நடுங்கினார்கள். பசியா, நோயா, வெறியா என்று பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. கல்லும் தடியும்தான் பேசின.

குதிரை லாயத்தில் ஓர் இல்லம்

1860-ம் ஆண்டு. ஹாலோவேயில் ஹாலிங்ஸ்வொர்த் தெருவில் ஒரு குதிரை லாயம் இருந்தது. அந்த இடத்தை மேரி எடுத்துக்கொண்டார். வழி தவறிய, பட்டினி கிடக்கும் நாய்களின் தற்காலிக இல்லம் என்று அதற்குப் பெயர் வைத்தார்.

மிருகவதைத் தடுப்புச் சங்கம் இங்கிலாந்தில் 1824 முதலே இருந்து வந்தது. விக்டோரியா ராணியின் ஆதரவும் அதற்கு உண்டு. அந்தச் சங்கத்தின் அலுவலகத்தில் 1860 நவம்பர் 27-ந் தேதி மேரியின் கமிட்டி கூடியது. சகோதரர் எட்வர்டும் துணை நின்றார். சந்தா வசூலிக்கவும் கணக்கு எழுதவும் ஏற்பாடு நடந்தது.

ஊர் சிரித்தது

சும்மா இருக்குமா ஊர்? செய்தி பரவியதும் கேலி கிளம்பியது.

லண்டனின் புகழ் பெற்ற டைம்ஸ் பத்திரிகை மேரியின் முயற்சியை நையாண்டி செய்தது. இரக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு, இவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்ற பாணியில் எழுதியது. மனிதர்கள் பசியால் வாடும்போது நாய்க்கு விடுதியா என்று பலர் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. லண்டன் ஏழைகளின் நிலை அப்போது மிகவும் மோசம். குழந்தைகள் தெருவில் படுத்துத் தூங்கிய காலம் அது.

ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். நாயின் பசியைப் பார்த்து மனம் இளகுகிறவர், குழந்தையின் பசியைப் பார்த்துக் கல்லாக இருப்பாரா? இரக்கம் என்பது குடத்துத் தண்ணீர் அல்ல, ஒருவருக்கு ஊற்றினால் மற்றவருக்கு இல்லாமல் போவதற்கு. அது ஊற்று. இறைக்க இறைக்கத்தான் சுரக்கும்.

மேரி கேலியைப் பொருட்படுத்தவில்லை. தினமும் நாய்களைக் கவனித்தார்.

கண்டிப்பான விதிகள்

மேரிக்கு இளகிய மனம் உண்டு. காரியத்தில் கண்டிப்பும் உண்டு. இல்லத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன.

நாயைக் கொண்டு வருகிறவர்களுக்கு வெகுமதி கிடையாது என்பது ஒரு விதி. ஏன் தெரியுமா? அன்றைய லண்டனில் நாய்த் திருடர்கள் இருந்தார்கள். பணக்காரர் வீட்டுச் சிறு நாய்களைத் திருடி ஒளித்து வைப்பார்கள். பிறகு பணம் கேட்பார்கள். எலிசபெத் பாரெட் என்ற பெரிய கவிஞரின் செல்ல நாய் ஃப்ளஷ் பல முறை திருடு போயிற்று. 1846-ல் அவர் பணம் கொடுத்துத்தான் அதை மீட்டார். இல்லமும் வெகுமதி கொடுத்தால் என்ன ஆகும்? திருடர்களுக்குக் கொண்டாட்டம்தான்!

வந்த நாயை 14 நாள் வைத்திருப்பது இன்னொரு விதி. அதற்குள் சொந்தக்காரர் வந்தால் அழைத்துப் போகலாம். யாரும் வராவிட்டால், செலவை ஈடு கட்ட நாயை விற்கவோ வேறு ஏற்பாடு செய்யவோ கமிட்டிக்கு அதிகாரம் உண்டு.

எல்லா நாய்களையும் கடைசி வரை வைத்துக் காப்பாற்ற ஆசைதான். ஆனால், பணம் எங்கே? உணவுக்குச் செலவு. வேலையாளுக்குச் சம்பளம். இடத்துக்கு வாடகை. பணமுடை தீரவே இல்லை. நாய்கள் இரவெல்லாம் குரைக்கின்றன என்று அக்கம்பக்கத்தாரும் புகார் சொன்னார்கள்.

டிக்கன்ஸ் பத்திரிகையின் ஆதரவு

1862-ல் ஒரு திருப்பம் ஏற்பட்டது.

அந்த ஆண்டு லண்டனில் இஸ்லிங்டன் பகுதியில் பெரிய நாய்க் கண்காட்சி நடந்தது. உயர்ந்த சாதி நாய்கள் வந்தன. பரிசுகள் வழங்கப்பட்டன. கூட்டம் அலை மோதியது.

அதைப் பற்றி நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் ஒரு கட்டுரை வந்தது. அது கண்காட்சியை மட்டும் சொல்லவில்லை. கொஞ்ச தூரத்தில் இருந்த மேரியின் இல்லத்தையும் சொன்னது. அங்கே பரிசு பெற்ற நாய்கள் இங்கே பரிதவிக்கும் நாய்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியது. யாராவது உள்ளே நுழைந்தால் போதும், தொலைந்து போன எஜமானர்தானோ என்று நாய்கள் ஆவலோடு ஓடி வருவதை அது உருக்கமாக எழுதியது.

படித்தவர்கள் மனம் மாறத் தொடங்கியது. சிரித்தவர்களில் சிலர் சிந்தித்தார்கள்.

மறைவு

ஆனால், வெற்றியைக் காண மேரிக்கு ஆயுள் இல்லை. புற்றுநோய் அவரைப் பற்றிக்கொண்டது. 1865 அக்டோபரில் பிகிள்ஸ்வேட் என்ற ஊரில் அவர் காலமானார். இல்லம் தொடங்கி ஐந்தே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அங்குள்ள செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. துணை நின்ற சகோதரரும் பின்னாளில் அதே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மேரி கண்ணை மூடும்போது இல்லம் அதே குதிரை லாயத்தில்தான் இருந்தது. பணமுடையும் அக்கம்பக்கத்துப் புகாரும் தீரவில்லை. அவரோடு அதுவும் மறைந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

ஆனால், மறையவில்லை!

பேட்டர்சீ இல்லம்

1867-ல் ஒரு சட்டம் வந்தது. தெருவில் கேட்பாரற்றுத் திரியும் நாய்களைப் பிடிக்க லண்டன் போலீசாருக்கு அது அதிகாரம் கொடுத்தது. நாளடைவில் அந்த நாய்கள் இந்த இல்லத்துக்கு வந்தன. ஊர் சிரித்த இல்லம் ஊருக்கே தேவைப்பட்டது!

1871-ல் இல்லம் தேம்ஸ் நதியின் தெற்கே பேட்டர்சீ என்ற இடத்துக்கு மாறியது. ரயில் பாதைகளுக்கு இடையே அமைந்த இடம். ரயில் சத்தத்தின் நடுவே நாய் குரைப்பதை யார் குறை சொல்லப் போகிறார்கள்? 1883 முதல் பூனைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 1885-ல் விக்டோரியா ராணியே இல்லத்தின் புரவலர் ஆனார்.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லத்தான் வேண்டும். போலீசார் கொண்டு வந்த நாய்கள் மிகப் பல. கேட்பாரற்ற நாய்களும் நோய் முற்றிய நாய்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டன. வலி தெரியாமல் உயிர் பிரிய, டாக்டர் ரிச்சர்ட்சன் என்பவர் 1884-ல் தனி அறை ஒன்றை அமைத்துக் கொடுத்தார். அன்பு இருந்தாலும் இடமும் பணமும் போதாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

காலம் மாறியது. நோய்க்கு மருந்து வந்தது. நாயை விலைக்கு வாங்காமல் இல்லத்திலிருந்து அழைத்துச் சென்று வளர்க்கும் பழக்கம் பெருகியது. பேட்டர்சீ இல்லம் இதுவரை 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பிராணிகளுக்கு அடைக்கலம் தந்திருக்கிறது. லாரி என்ற பூனை 2011-ல் இங்கிருந்துதான் பிரதமர் மாளிகைக்கு எலி பிடிக்கப் போயிற்று!

ஒரு நாய்க்காக

ஆதரவற்ற நாயைக் காப்பாற்றுகிறவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்த நாய்க்கு ஒரேயடியாகச் சோறு போடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். கண் தெரியாத கிழ நாய்க்கு, சாப்பாட்டுத் தட்டை இடம் மாற்றாமல் வைக்க வேண்டும் என்று தெரியும். அடிபட்ட நாய் கையை நீட்டினாலே நடுங்கும், அது தானாக வரும் வரை காத்திருக்க வேண்டும் என்று தெரியும்.

மேரிக்கு இவற்றையெல்லாம் சொல்லிக் கொடுக்க யார் இருந்தார்கள்? ஒரு சமையலறையில் ஒரு நாய் செத்தது. அதை அவர் மறக்கவில்லை. அவ்வளவுதான்.

அந்த நாய்க்குப் பெயர் இருந்ததா, அது யார் வீட்டு நாய் என்று யாருக்கும் தெரியாது. அதன் உயிரைக் காப்பாற்ற மேரியால் முடியவில்லை. ஆனால், அதற்குப் பின்னால் வந்த லட்சக்கணக்கான உயிர்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டுப் போயிற்று.