சரத் சந்திர தாசர்: ஒற்றும் நூலும்

ஒற்றாடல் என்னும் அதிகாரத்தைத் தொடங்கும் வள்ளுவர், ஒற்றரையும் நூலையும் அரசனுக்கு இரு கண்களாக வைத்தார். அவ்வதிகாரத்துப் பத்துக் குறள்களும் ஒற்றரை ஏவும் வேந்தனை நோக்கியே எழுந்தவை. ஏவிய பணி முடிந்தபின் ஒற்றன் யாது ஆவான், அவன் தன் தொழிலைக் கழற்றி வைத்துவிட்டு ஏனையோர்போல வாழ்தல் கூடுமோ என்னும் வினா ஆங்கு எழவில்லை. அவ்வினாவை எழுப்புவார்க்கு வங்காளத்துச் சரத் சந்திர தாசரின் வரலாறு பெரிதும் துணை செய்யும். அவர் ஒரு பாடசாலையின் தலைமையாசிரியராய் விளங்கியவர் என்பது, நம் கல்லூரி மலரிலே அவரைப்பற்றி எழுத எமக்கு மற்றுமொரு நியாயமாகும்.

தாசர் 1849ஆம் ஆண்டிற் சிட்டகாங் பகுதியிலே இந்துக் குடும்பமொன்றிற் பிறந்தார். கல்கத்தாப் பிரெசிடென்சிக் கல்லூரியில் எந்திரவியல் பயின்றுகொண்டிருந்த காலையில், 1874இல், டார்ஜீலிங்கிலே புதிதாய் நிறுவப்பட்ட பூட்டியா விடுதிப் பாடசாலைக்குத் தலைமையாசிரியராக நியமனம் பெற்றார். தெஹிவளைக் கடற்காற்றிலே வளர்ந்த நம் மாணவர்க்கு, ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலே பனிமலை முகட்டை நோக்கியிருக்கும் பாடசாலையொன்றை மனத்திற் காண்டல் சற்றுக் கடினமே. சிக்கிம் நாட்டுச் சிறுவரும் திபெத்தியச் சிறுவரும் ஆங்கே ஆங்கிலமும் கணிதமும் நில அளவையும் கற்றனர். கல்வி வழங்குதல் வெளிப்படையான நோக்கம். திபெத்தின் கதவு திறக்கும் நாளிலே மொழிபெயர்ப்பாளராகவும் அளவையாளராகவும் பயன்படத்தக்க இளைஞரை ஆயத்தஞ் செய்தல் உள்நோக்கம்.

அந்நாளில் திபெத்து அந்நியர்க்கு அடைக்கப்பட்ட நாடு. ஆதலால் இந்திய நில அளவைத் திணைக்களத்தார், பயிற்சி பெற்ற இந்தியரை யாத்திரிகர் வேடத்தில் அனுப்பி வந்தனர். அவர்களுக்குப் பண்டிதர் என்று பெயர். 108 மணி கொண்ட செபமாலைக்குப் பதிலாக 100 மணி கொண்ட மாலையால் அடிகளை எண்ணினர். அளவுக் குறிப்புகளைச் செபச் சக்கரத்தினுள்ளே ஒளித்தனர். நயின் சிங்கு என்பார் இவ்வாறே 1866இல் லாசா நகரை அடைந்தார். துறவி வேடத்து ஒற்றரை வள்ளுவரும் அறிவார்.

தாசரோ இவர்களினின்றும் வேறுபட்டவர். அவர் மாணவர் வேடம் பூண்டு சென்றார் என்பதிலும், உண்மையிலேயே மாணவராய்ச் சென்றார் என்பதே பொருந்தும். பாடசாலையிலே திபெத்திய மொழி கற்பித்த லாமா உக்யேன் கியாத்சோ, தஷில்ஹுன்போ மடத்திலிருந்து அவருக்கு அனுமதிச் சீட்டுப் பெற்று வந்தார். 1879இல் இருவரும் அங்குச் சென்று, ஏறத்தாழ ஆறு திங்கள் தங்கினர். சமய நூல் பயிலும் மாணவராகத் தாசர் பதிவு செய்யப்பட்டார். அவருடைய பொதியிலே கோணமானியும் திசைகாட்டியும் வெப்பமானியும் இருந்தன. திரும்பும்போது வடமொழி, திபெத்திய நூல்கள் பலவும் இருந்தன. எது சாக்கு, எது நோக்கம் என்று பிரித்தல் எமக்கு இயலவில்லை. அவருக்கும் இயன்றிராது என்றே கருதுகின்றோம்.

அம்மடத்திலே அவருக்கு ஆதரவளித்தவர் பஞ்சன் லாமாவின் அமைச்சராகிய செங்சென் லாமா. மேனாட்டு விஞ்ஞானத்தில் ஆர்வம் மிக்க அப்பெரியார், தாசரைத் தம் ஆசிரியராகவும் நண்பராகவும் கொண்டார். 1881 நவம்பரிலே தாசர் மீண்டும் புறப்பட்டார். வழியில் நோயுற்றுச் சாவின் விளிம்பை எட்டியபோது, சாம்டிங் மடத்துத் தலைவியாகிய பெண் துறவி அடைக்கலம் தந்தார். பல்லா என்னும் பிரபு குடும்பத்துச் சீமாட்டி, லாசா செல்வதற்கு உதவினார். 1882இல் அந்நகரை அடைந்து, சிறுவராயிருந்த 13ஆம் தலாய் லாமாவையும் தரிசித்தார். யம்டோக் ஏரியைச் சுற்றிய நிலப்பகுதியையும் யார்லுங் பள்ளத்தாக்கையும் பற்றிய செய்திகளோடு 1883 தொடக்கத்திலே டார்ஜீலிங் திரும்பினார்.

அறிக்கைகள் இரகசியமாக அச்சாயின. ராய் பகதூர் பட்டமும் சி.ஐ.ஈ. விருதும் அவரை வந்தடைந்தன. ஒற்றனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்தல் மறைபொருளைத் தானே வெளிப்படுத்துவதாகும் என்று எச்சரித்து வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடிக்கின்றார். பிரித்தானியர் அதனைக் கருதினாரல்லர். 1885இல் மக்காலே என்னும் அதிகாரி திபெத்துக்குத் தூது செல்ல இசைவு வேண்டிப் பீக்கிங் சென்றபோது தாசரையும் உடன் கொண்டுசென்றார். அத்தூது மறு ஆண்டே கைவிடப்பட்டது.

திபெத்திலே உண்மை வெளியாயிற்று. செங்சென் லாமா சிறையிடப்பட்டுக் கசையடியுண்டு, 1887இல் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். அவர் மறுபிறவியைத் தேடி ஏற்றலும் தடுக்கப்பட்டது. திபெத்தியர் நோக்கில் அது மரணத்திலும் கொடிய தண்டனை. பல்லா குடும்பத்தார் சிறை புகுந்தனர். அவர்தம் பணியாளர் கொடிய வதைக்கு உள்ளாயினர். மாணவர் ஒருவரை நம்பி ஏற்றதே இவர்கள் செய்த குற்றம்.

தாசர் பின்னர் மலை கடந்து ஒற்றாடச் சென்றாரல்லர். 1892இல் கல்கத்தாவிலே பௌத்த நூற் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டு, திபெத்துக்குச் சென்ற பண்டை இந்தியப் பண்டிதர்களைப்பற்றி நூலொன்று வெளியிட்டார். 1902இல் வெளிவந்த அவருடைய திபெத்திய ஆங்கில அகராதி, வடமொழி நிகர்ச்சொற்களையும் உடன் தருவது. இன்றும் மறுபதிப்பாகி வழங்குகின்றது. இப்புலமை போலியன்று. ஒற்றுத் தொழிலை மறைக்க இத்துணை உழைப்பு வேண்டுவதில்லை. ஆயினும் அகராதிக்கு வேண்டிய மொழியறிவின் பெரும்பகுதி, பின்னர் உயிர் துறந்தவரின் நிழலிலிருந்து பெற்றதே.

1897இலே யப்பானியத் துறவி கவாகுச்சி ஏகாய் டார்ஜீலிங் வந்து, தாசரிடம் தங்கித் திபெத்திய மொழி கற்றார். அவர் திபெத்துக்குச் செல்லுமுன், கொழும்பிலே பிறந்தவரும் நம் நாட்டார் நன்கறிந்தவருமாகிய அநகாரிக தர்மபாலர், தலாய் லாமாவிடம் சேர்க்குமாறு புத்தர் தாதுவொன்றை அவரிடம் ஒப்படைத்தனர். லாசாவிலே கவாகுச்சி கண்டது வியப்புக்குரியது. தாசரின் இயற்பெயரைச் சிலரே அறிந்திருந்தனர். பள்ளிக்கூட பாபு என்றாற் சிறுவரும் அறிவர். செங்சென் லாமாவை மரணத்திற்குட்படுத்தியவர் என்பதே அப்பெயருக்கு அங்கு வழங்கிய பொருள். ஆசிரியர் என்னும் சொல் ஒரு நாடு முழுதும் ஒற்றரைக் குறிப்பதாயிற்று. இதனை எழுதும்போது ஆசிரியத் தொழிலோடு தொடர்புடைய எம் கை சற்றுத் தயங்குகின்றது.

கவாகுச்சியின் மெய்யடையாளமும் 1902இல் வெளிப்பட்டது. அவர் தப்பினார், அவருக்கு உதவியோர் சிறைப்பட்டனர். அவர் தாசர் வழியாகப் பிரித்தானியர்க்குச் செய்தி அனுப்பினார் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுவர். ஐயம் உண்மையாயினும் பொய்யாயினும், தாசரிடம் மொழி பயின்ற ஒருவரை வெறும் மாணவரென நம்ப எவரும் ஆயத்தமாயில்லை என்பது தெளிவு. 1901இல் வெளிவந்த கிப்ளிங்கின் கிம் என்னும் நாவலில் வரும் ஒற்றர் பாபுவுக்குத் தாசரே முன்மாதிரி என்பர். புலவர் ஒருவர் தம் அகராதி வெளிவருமுன்னரே கதையிலே ஒற்றராகிவிட்டார்!

நெடுங்காலம் மறைவாயிருந்த பயண அறிக்கை, அமெரிக்க அறிஞர் ரொக்கில் பதிப்பிக்க, அகராதி வெளிவந்த 1902ஆம் ஆண்டிலேயே நூலாகியது. 1904இல் யங்கஸ்பண்டின் படை திபெத்தினுட் புகுந்தது. ஞான்சே நகரருகே பல்லா குடும்பத்தின் கிராமத்தையும் போரிட்டுக் கைப்பற்றியது. அவ்வாண்டிலேயே தாசர் அரசாங்க சேவையினின்றும் இளைப்பாறினார். 1917இற் காலமாகும்வரை நூல்களோடு வாழ்ந்தார். டார்ஜீலிங்கிலிருந்த தம் இல்லத்துக்கு அவர் இட்ட பெயர் லாசா விலா.