நியாயவாதி ஆபிரகாம் லிங்கன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவராகி அடிமைத் தளையை அறுத்த ஆபிரகாம் லிங்கனின் புகழை நாம் யாவரும் அறிவோம். அவர் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு நியாயவாதியாய்த் தொழில் புரிந்தவர் என்பதையும், அவர் ஏற்ற வழக்குகளிற் பெரும்பாலானவை கடன் வழக்குகளே என்பதையும் அறிந்தோர் சிலரே.

1809 ஆம் ஆண்டு கென்ரக்கியில் வறிய குடியிற் பிறந்த அவர், இளமையில் இலினோய் மாநிலத்து நியூ சேலம் என்னும் சிற்றூரிற் பெறி என்பவருடன் கூட்டாகக் கடை நடத்தினார். கடை நொடித்தது. 1834 இல், கடன்சீட்டொன்றின் பேரிற் பிறந்த தீர்ப்பினால் அவருடைய குதிரையும் சேணமும் நில அளவைக் கருவிகளும் ஏலத்துக்கு உள்ளாயின. அந்நாளில் அவருக்குச் சோறிட்டவை அக்கருவிகளே. ஜேம்ஸ் ஷோர்ட் என்னும் அயலவர் அவற்றை 120 டொலருக்கு வாங்கி அவரிடமே மீளக் கொடுத்தார். 1835 இற் கூட்டாளியும் இறக்கவே, எஞ்சிய கடன் முழுவதும் லிங்கன் தலையிற் சுமந்தது. அதனைத் தீர்க்கப் பல்லாண்டுகள் சென்றன.

1836 இல் நியாயவாதியாக அநுமதி பெற்று, மறு ஆண்டு ஸ்பிரிங்பீல்டிற் குடியேறினார். 1837 இன் பொருளாதார வீழ்ச்சி வணிகரை நிலைகுலைத்த காலம் அது. கடன் கொடுத்தோர்க்கும் பட்டோர்க்கும் அவர் ஒருங்கே வாதாடினார். தம் ஊதியத்தை விட்டுக்கொடுப்பவர் என்று அவரைக் கருதுதல் வேண்டா. இலினோய் மத்திய புகையிரதக் கம்பனி அவர் கேட்ட கூலியைக் கொடாதபோது, 1857 இல் வழக்கிட்டு 4,800 டொலருக்குத் தீர்ப்புப் பெற்றார். நிறைவேற்றுக் கட்டளை பிறந்த பின்னரே பணம் வந்தது.

சென்ற் லூயிஸ் நகரத்து மொத்த வணிகர் சிலர் தம் கடன்களை அறவிடும் பொறுப்பை லிங்கனிடமும் அவர் கூட்டாளி ஹேர்ன்டனிடமும் விட்டிருந்தனர். தீர்ப்புக் கிடைத்தது. ஆனாற் கடனாளிகளிடம் காசில்லை, காணியே உண்டு. எக்காணி எங்குளது, உரித்து யாது, விலை யாது என்று கண்டன்றோ ஏலத்துக்கு விடல் வேண்டும்! நம் நாட்டிற் பிஸ்கால் ஏலங்களைக் கண்டவர்க்கு இத்தொல்லை விளங்கும். இளைஞர் ஒருவர் சில வாரங்கள் அலைந்து காணிகளை மதிப்பிட்டு வந்தார். ஆயினும் வணிகர் குறைகூறினர். செனற் சபைப் போட்டியில் டக்ளசிடம் தோற்றிருந்த 1858 நவம்பரில் அக்குறை லிங்கனை எட்டியது. நீதிமன்ற வேலையை இயற்றலாம், கட்டளைகளின் பின்னே ஊரூராகத் திரிதல் இயலாது, இவ்வகை அலுவல் இனி வேண்டா என்று அவர் கடுமையாக மறுமொழி விடுத்தார்.

தம் கருவிகள் ஏலத்துக்கு வந்த நாளை நினைந்தே இவ்வாறு மறுத்தார் என்று சிலர் கூற விழைவர். அம்மடலில் இரக்கத்துக்குச் சான்றில்லை, அலுப்பே தெரிகின்றது. அதனால் அவர் பெருமை குன்றுவதாக நாம் எண்ணவில்லை. தொழிலை அவர் வெறுத்தாருமல்லர். 1861 இல் தலைவர் பதவியேற்க வாஷிங்டன் புறப்படுமுன், இருவர் பெயரும் பொறித்த பலகையை அகற்றாதிருக்குமாறு ஹேர்ன்டனைக் கேட்டுக்கொண்டார்.